குழிக்கு ஒரு கிலோ

புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது,
ரப்பர் இலையெல்லாம் கொட்டி
வெட்டு நின்றுபோன மாதம் பார்த்து.
மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு,
வருடத்துக்கு முப்பதாயிரம்.
சேரும்போது கட்டிய மூன்று லட்சம்
எந்தக் காரணத்துக்கும் திரும்பாது என்று
கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி.

குலசேகரத்தில் ஷீட் வாங்கி விற்கிறவன் நான்.
எந்தத் தொகையும் கிலோவானால்தான்
எனக்கு உறைக்கும்.
கிலோ நூற்றெண்பது.
மாதத்துக்குப் பதினாலு கிலோ.
நூறு மரத்தின் ஒரு வாரப் பால்.

போன வருடம் ஒன்பது தடவை போயிருக்கிறேன்.
காலண்டரைப் புரட்டி எண்ணியவள் ஐடா மேபல்,
கணக்கு டீச்சர், விரலில் எப்போதும் சிவப்பு மை.
தடவைக்கு மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.
அதைப் பதினெட்டால் வகுத்தாள்.
"குழிக்கு ஒரு கிலோ ஷீட்டாக்கும்.
அதுவும் ஒரு கன்னுகூட நடாத குழி."

டீசல் தனி.
களியக்காவிளையில் தக்காளி லாரிக்குப் பின்னால்
நின்றது தனி.
பை சுமக்கிறவருக்குக் கொடுப்பது தனி.
அவரைக் கேடி என்கிறார்கள் அங்கே.
முதல் நாள் யாரோ "கேடி!" என்று கூப்பிட,
நான் போலீசைத் தேடினேன்.

சேர்த்துவிட்டவன் மைத்துனன் வின்ஸ்லின்.
"நாலு பெரிய ஆளுவ பழக்கம் வரும் அத்தான்,
டயர் கம்பெனிக்காரன் ஒருத்தனாவது சிக்குவான்."
ஐந்து வருடத்தில் சிக்கியது
ஒரு கண் டாக்டர்,
ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி இரண்டு பேர்,
ஃபிளாட் கட்டி விற்கிற ஒருவர்.
ஊரைச் சொன்னதும்
தேன் கிடைக்குமா என்றார் டாக்டர்.
நாலு பாட்டில். காசு வாங்கவில்லை.
அதையும் எழுதிக்கொண்டாள்.

ஆட்டமாவது வந்ததா என்றால்,
அதுவும் சொல்லும்படி இல்லை.
புல் பெயரும், பந்து பெயராது.
ஒரே ஒரு ஜனவரிக் காலை, ஏழாவது குழி,
பந்து என் கையைவிட்டுப் போனதே தெரியாமல்
பனிக்குள் ஏறி
அடுத்தவன் அடித்ததுபோல் அழகாய் விழுந்தது.
அதைக் கிலோவாக்கத் தெரியவில்லை.

ஐடாவிடம் சொல்லாதது வேறு.
விடியுமுன் போன் அடிக்கும்.
"இன்னிக்கு என்ன ரேட்டு?"
பல் தேய்க்கையில் கேட்பார்கள்.
சர்ச்சில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவே கேட்பார்கள்.
அப்பாவின் பெட்டி குழிக்குள் இறங்கும்போது
ஒருவன் தோளில் கைவைத்தான்,
ஆறுதல் என்று நினைத்தேன்.
ரேட்டு கேட்டான்.

அங்கே லாக்கரில் போனைப் பூட்டிவிட்டால்
நாலு மணி நேரம் யாருக்கும் நான்
விலை சொல்ல வேண்டாம்.
சட்டையில் புகைப்புரை வாசம் இருக்கும்;
என்ன வாசம் என்று அவர்களுக்குத் தெரியாது.

இதற்குப்போய் முப்பதாயிரமா என்று
ஒரு சனிக்கிழமை போனைக் கல்லாவில் போட்டுவிட்டு
பேச்சிப்பாறை அணைக்குப் போய் உட்கார்ந்தேன்.
செலவு ஒரு சாயா.
தண்ணீரைப் பார்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது,
பக்கத்தில் ஒரு பைக் நின்றது.
"மொதலாளி, ஏறுமா எறங்குமா?"

நேற்று ராத்திரி, விலகுகிறேன் என்று
எழுதிய கடிதத்தை அவளிடம் நீட்டினேன்.
அவள் கடிதத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.
வாரம் தவறாமல் போன முதல் வருடம்
உறை மாட்டிய இடது கை மட்டும் வெளுத்து,
எடைபோட வந்தவர்கள்
தோல் டாக்டர் பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள்.
இப்போது இரண்டும் ஒரே கறுப்பு.

மேசையில் நாற்பத்தெட்டுப் பரீட்சைத் தாள்,
நாலு தெருக்காரர்களும் மார்க்கு கேட்டு
அடித்து அடித்து ஓய்ந்த அவள் போன்.
பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்:
"பெண்டாட்டிக்குத் தனியா கட்டணுமா,
இல்ல இதுலயே வருமா?"